முத்திரையும் பொறுப்பும்
அமெரிக்கப் பொறியியலாளரின் தொழில் உரிமம் பற்றிய சில குறிப்புகள்

ஒரு நூலினை இயற்றியவர் யார், அவர் பெயர் அந்நூலின் முகப்பில் இடம்பெறுவதன் பொருள் யாது, அப்பெயருக்குரிய அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்னும் வினாக்கள் இலக்கிய மாணவர்களுக்குப் பழக்கமானவை. பெயர் தெரியாப் புலவர்களையும், ஒரே பெயரில் எழுதிய பல புலவர்களையும், தம் பாடலைப் பிறர் பெயரில் வழங்கவிட்ட புலவர்களையும் கொண்ட நீண்ட மரபொன்றினை உடையோராகிய நாம் இவ்வினாக்களை விரிவாகவே ஆராய்ந்து வந்திருக்கின்றோம். ஆயின், நூலாசிரியனுடைய பிழையினால் பெரும்பாலும் எவரும் உயிரிழப்பதில்லை. பாலத்தையும் அணைக்கட்டையும் வரைந்தவனுடைய நிலை அத்தகையதன்று. அவனுடைய வரைபடத்தின் மூலையில் இடப்படும் பெயர் புகழுக்காக இடப்படுவதன்று. குறிப்பிட்ட சுமையினை இக்கட்டடம் தாங்கும் என்பதற்குத் தனி மனிதரொருவர் சட்டத்தின்முன் அளிக்கும் உத்தரவாதமாகவே அது இடப்படுகிறது. இவ்வுத்தரவாதத்தை யார் அளிக்கலாம், எத்தகைய வேலைகளுக்கு அது வேண்டப்படுகிறது, எவ்விடத்தில் அது வேண்டாமென விடப்படுகிறது என்பன தொழினுட்ப வினாக்களாகத் தோன்றினும் அடிப்படையிற் சமூக வினாக்களே. இவற்றை ஐக்கிய அமெரிக்காவின் தொழின்முறைப் பொறியியலாளர் உரிமத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு நோக்கலாம்.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகக் கூறுதல் பொருத்தமானது. அமெரிக்காவிலே இவ்வுரிமத்தை வழங்குவது மத்திய அரசன்று. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே அமைத்துள்ள உரிமச் சபைகளே அதனை வழங்குகின்றன. அங்கீகாரம் பெற்ற நான்காண்டுப் பொறியியற் பட்டம் வழமையான முதற்படியாகும். இரண்டாவது, அடிப்படைகள் பற்றிய பரீட்சை. 110 வினாக்களைக் கொண்ட இப்பரீட்சை 2014 முதல் கணினியிலேயே நடத்தப்படுகிறது. இதிற் சித்தியடைந்தவர் பயிலுநர் பொறியியலாளர் எனப்படுவர். அடுத்து, வழமையாக நான்கு ஆண்டுகள், உரிமம் பெற்ற ஒருவரின்கீழ், பொறுப்பு படிப்படியாகக் கூடிவரும் வகையிலே தொழில் செய்திருத்தல் வேண்டும். பின்னர் தத்தம் துறைசார்ந்த இரண்டாவது பரீட்சை. குடிசார் பொறியியலாளருக்கு இது எட்டு மணிநேரப் பரீட்சை. இவற்றுடன், விண்ணப்பதாரரின் வேலையை நேரில் அறிந்த உரிமம் பெற்ற பொறியியலாளர் சிலரின் சான்றுரைகளும் வேண்டப்படும். பரீட்சைகளைத் தயாரிப்பது மாநிலச் சபைகள் ஒன்றுகூடி 1920இல் அமைத்துக்கொண்ட தேசியப் பேரவையாகும். எனினும் ஒரு மாநிலத்தின் உரிமம் மற்றொரு மாநிலத்திலே தானாகச் செல்லுபடியாவதில்லை. கலிபோர்னியா தன்னிடம் விண்ணப்பிக்கும் குடிசார் பொறியியலாளர் நிலநடுக்கம் பற்றியும் நில அளவை பற்றியும் மேலதிகப் பரீட்சைகள் இரண்டிற்குத் தோற்றவேண்டும் என்கிறது. அதே மாநிலம், பட்டம் இல்லாதவரும் போதிய ஆண்டுகள் அனுபவம் பெற்றிருப்பின் விண்ணப்பிக்க இடமளிக்கிறது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இதற்குப் பின்னர் வருவோம்.

இந்நடைமுறையிலே நமது கவனத்திற்குரிய கூறு ஒன்றுண்டு. உரிமம் மனிதருக்கே வழங்கப்படுகிறது. சில மாநிலங்கள் கம்பனிகளும் தனியே அத்தாட்சி பெறவேண்டும் என விதித்திருப்பினும், எந்தக் கம்பனியும் பரீட்சை எழுதுவதில்லை. எந்தக் கம்பனியும் முத்திரை இடுவதில்லை. முதலாளித்துவச் சட்டம் கம்பனியைச் சட்டமுறை நபராகக் கொள்கிறது. அது சொத்து வைத்திருக்கும், வழக்குத் தொடுக்கும், கடன்படும். ஆனால் வரைபடத்திற் கைச்சாத்திடும் வேளையில் மட்டும் உடலும் பெயரும் மனச்சாட்சியும் உடைய ஒருவர் தேவைப்படுகின்றார். அவரும் தாமே செய்த வேலைக்கு, அல்லது தமது நேரடிப் பொறுப்பிலும் கண்காணிப்பிலும் நடந்த வேலைக்கு மட்டுமே முத்திரையிடலாம். பிறர் வரைந்ததைப் பாராமலே கூலிக்கு முத்திரை குத்திக்கொடுத்தல் உரிமம் பறிபோகக்கூடிய குற்றமாகும்.

இவ்வேற்பாடு எங்ஙனம் தோன்றிற்று? பொதுவாக எழுதப்படும் வரலாறுகள் இதனைப் பேரழிவுகளினின்று பெற்ற பாடமாகவே சித்திரிக்கின்றன. அதில் உண்மையுண்டு, முழு உண்மை இல்லை. முதலாவது உரிமச் சட்டம் 1907இல் வயோமிங் மாநிலத்தில் நிறைவேற்றப்பட்டது. அதற்குக் காரணமாய் அமைந்தது இடிந்துவிழுந்த பாலமோ கட்டடமோ அன்று. வயோமிங் வறண்ட நிலப்பகுதி. அங்கு நீரைப் பாய்ச்சும் உரிமையே நிலத்தின் பெறுமதியை நிர்ணயிப்பது. அவ்வுரிமையைக் கோருவோர் கால்வாய்களினதும் நிலங்களினதும் வரைபடங்களை மாநிலப் பொறியியலாளரிடம் சமர்ப்பித்தல் வேண்டும். அப்பதவியிலிருந்த கிளாரென்ஸ் ஜோன்ஸ்ரன், வழக்கறிஞரும் நொத்தாரிசுகளும் பிறரும் தம்மைப் பொறியியலாளர் எனவும் நில அளவையாளர் எனவும் கூறிக்கொண்டு இவ்வரைபடங்களிற் கைச்சாத்திட்டிருப்பதைக் கண்டார். அவருடைய முயற்சியினாலே சட்டம் பிறந்தது. ஆகவே, முதன்முதலாக உரிமம் காக்க முற்பட்டது உயிரையன்று, நீரின்மீதான சொத்துரிமையையே எனலாம். வரைபடம் இங்கே ஏறத்தாழ ஓர் உறுதியாகவே செயற்பட்டது. உறுதியை எழுதியவர் யார் என்பது தெரியாவிடின் சொத்து நிலைக்காது. இதனைக் கூறுவது சட்டத்தைச் சிறுமைப்படுத்துவதற்காகவன்று. ஒரு நிறுவனம் பிறந்த காரணமும் அது பின்னர் ஆற்றிய பணியும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

உயிர் பற்றிய அக்கறை பின்னரே வந்தது. அதுவும் பெரும் விலை கொடுத்தபின். 1928 மார்ச் 12ஆந் திகதி நள்ளிரவை அண்மித்த வேளையிலே, லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு நீர் வழங்கவெனக் கட்டப்பட்ட சென். பிரான்சிஸ் அணை உடைந்தது. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த மெக்சிக்கோ நாட்டு விவசாயத் தொழிலாளர் பலர் அவர்களுள் அடங்குவர். அணையை அமைத்த வில்லியம் முல்ஹொலண்ட், அது உடைவதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு மணிநேரத்திற்கு முன்னர்தான் நேரில் வந்து பார்த்து, ஆபத்தில்லை எனக் கூறிச் சென்றிருந்தார். அடுத்த ஆண்டே கலிபோர்னியா குடிசார் பொறியியலாளரைப் பதிவுசெய்யும் சட்டத்தை இயற்றியது. 1937 மார்ச் 18இல் ரெக்ஸாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் எண்ணெய் வயற் பிரதேசத்திலே, பாடசாலைக் கட்டடத்தின்கீழ்க் கசிந்து தேங்கிய இயற்கை வாயு வெடித்து முந்நூறு பேர்வரையில் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பிள்ளைகள். எண்ணெய்க் கம்பனியின் குழாயிலிருந்து கழிவு வாயுவைச் செலவின்றி எடுத்துக் கட்டடத்தைச் சூடேற்றியிருந்தனர். மணமற்ற அவ்வாயு கசிவதை எவரும் உணரவில்லை. வாயுவுக்கு மணம் சேர்க்கவேண்டும் என்னும் விதியும், பொறியியலாளர் பதிவுச் சட்டமும் அவ்வாண்டிலேயே ரெக்ஸாஸில் வந்தன. 1950ஐ அண்மித்த காலத்தில் அன்றைய மாநிலங்கள் அனைத்திலும் இத்தகைய சட்டங்கள் இருந்தன.

முல்ஹொலண்டைப் பற்றி இன்னும் சிறிது கூறுதல் வேண்டும். அவர் அயர்லாந்திலிருந்து வந்தவர். கால்வாயைத் துப்புரவாக்கி நீரைத் திறந்துவிடும் கூலியாளாகத் தொழிலைத் தொடங்கியவர். இரவில் நூல்களைப் படித்துத் தாமே பொறியியலைக் கற்றவர். பிறர் முடியாதென்ற நீர்க்கால்வாயை 1913இல் லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொணர்ந்தவர். உழைக்கும் மக்களின் ஆற்றலுக்கு இவரைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேடுதல் அரிது. எனவே முற்போக்காளர் சிலர் உரிமச் சட்டத்தைப் படித்தவர் தமக்கென எழுப்பிக்கொண்ட வேலியாக மட்டும் காண்பர். வேலி என்பது பொய்யன்று. மகாலி சர்ஃபாத்தி லார்சன் 1977இல் வெளியிட்ட நூலிலே, தொழின்மைகள் என்பன தம் அறிவைச் சந்தையிலே தனியுரிமையாக்கிச் சமூக மேனிலையை ஈட்டும் கூட்டு முயற்சிகள் எனத் தக்க ஆதாரங்களுடன் நிறுவியுள்ளார். ஆனால் சென். பிரான்சிஸ் அணையை இடித்தது அவருடைய பட்டமின்மை அன்று. அத்திட்டத்தை அவர் புகழுக்கு அஞ்சிச் சுயாதீனமாகச் சரிபார்ப்பவர் எவரும் இல்லாதிருந்தமையே அழிவுக்கு வழிவகுத்தது. விசாரணைகள் சுட்டியதும் ஒரு மனிதரின் தீர்ப்பையே முற்றாக நம்பக்கூடாது என்பதனையே. கலிபோர்னியா பட்டமில்லாதோருக்கும் வாயிலைத் திறந்துவைத்திருப்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். அறிவைச் சோதிப்பதும் அறிவின் மூலத்தைச் சோதிப்பதும் ஒன்றல்ல. நாம் முன்னதை ஏற்போம், பின்னதை எதிர்ப்போம்.

முத்திரையின் பொருள் யாது என்பதனை மிகத் தெளிவாக உணர்த்திய நிகழ்ச்சி கன்சாஸ் நகரத்தில் நடந்தது. 1981 யூலை 17 மாலை, ஹயட் ரீஜன்சி ஹோட்டலின் மண்டபத்திலே நடன விழா நடந்துகொண்டிருந்தபோது, மேலே தொங்கிக்கொண்டிருந்த நடைபாதைகள் இரண்டு இடிந்து வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர். இரண்டாம், நான்காம் மாடி நடைபாதைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடப்பட்டிருந்தன. மூல வடிவமைப்பின்படி, கூரையிலிருந்து வரும் ஒரே உருக்குக் கோல் இரு நடைபாதைகளையும் ஊடுருவிச் செல்லும். ஒவ்வொரு நடைபாதையும் தன் சுமையைக் கோலின்மீது ஏற்றும். உருக்குவேலை செய்த கம்பனிக்கு அது வசதியாக இருக்கவில்லை. நீண்ட கோல் முழுவதிலும் புரியிட வேண்டியிருந்தது. ஆகவே ஒரு கோலுக்குப் பதிலாக இரு கோல்கள்: ஒன்று கூரையிலிருந்து நான்காம் மாடிக்கு, மற்றையது நான்காம் மாடி நடைபாதையின் குறுக்குவளையிலிருந்து இரண்டாம் மாடிக்கு. கயிறொன்றில் ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாகப் பற்றித் தொங்குவதைக் கற்பனைசெய்க. இப்போது கீழுள்ளவர் கயிற்றை விட்டு மேலுள்ளவரின் காலைப் பற்றிக்கொள்கிறார். கயிற்றின் சுமை மாறவில்லை. மேலுள்ளவரின் கைக்கு மட்டும் சுமை இரட்டித்துவிடுகிறது. நான்காம் மாடிக் குறுக்குவளையின் கீழிருந்த சுரைக்கு நேர்ந்ததும் இதுவே. மூல வடிவமைப்புக்கூட நகரச் சட்டம் வேண்டிய வலிமையைக் கொண்டிருக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது.

மாற்றத்தைக் காட்டிய வரைபடங்களிலே பொறியியல் நிறுவனத்தின் பரிசீலனை முத்திரை இருந்தது. இணைப்புகளை வடிவமைப்பது உருக்குவேலை செய்வோரின் பொறுப்பு, அதுவே தொழில் வழக்கம் என்று பொறியியலாளர் தரப்பில் வாதிடப்பட்டது. 1985இல் மிசூரி மாநிலத்தின் நிருவாக விசாரணை ஆணைக்குழு அவ்வாதத்தை ஏற்கவில்லை. முத்திரையிட்டவரின் பொறுப்பு பிறருக்குக் கைமாற்றக்கூடியதன்று எனக் கொண்டு, பொறுப்பான பொறியியலாளர் இருவரின் கவனயீனத்தைப் பாரதூரமானதெனத் தீர்ப்பளித்தது. அவர்கள் மிசூரியில் உரிமத்தை இழந்தனர். இத்தீர்ப்பு நியாயமானதென்றே நாம் கருதுகின்றோம். எனினும் அது தொடாத இடமொன்றுண்டு. பணியைத் துரிதப்படுத்தி, வடிவமைப்பு முடியுமுன்னரே கட்டத் தொடங்கும் முறையிலே அந்த ஹோட்டல் எழுப்பப்பட்டது. காலம் பணமாகிய அம்முறைக்கு உரிமம் எதுவும் இருக்கவில்லை. ஆகவே பறிப்பதற்கும் எதுவும் இருக்கவில்லை. பொறுப்பைத் தனிமனிதர்மேற் சுமத்துவதன் வலிமையும் வரம்பும் இந்த ஒரு வழக்கிலேயே சேர்ந்து வெளிப்படுகின்றன.

வரம்பினைச் சட்டமே வெளிப்படையாக வகுத்துள்ள இடம் வேறு. கைத்தொழில் விதிவிலக்கு எனப்படும் ஏற்பாடு அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் ஏதோவொரு வடிவில் உள்ளது. உற்பத்தி நிறுவனமொன்றின் ஊழியராக இருந்து, அந்நிறுவனத்தின் பொருள்களுக்கும் பொறிகளுக்கும் வடிவமைப்புச் செய்யும் பொறியியலாளர் உரிமம் பெறவேண்டியதில்லை. சில மாநிலங்களிற் பொதுச்சேவைக் கம்பனிகளுக்கும் இவ்விலக்கு நீண்டது. இதன் விளைவாக, அந்நாட்டிற் பொறியியலாளராய்த் தொழில் செய்வோரிற் சிறுபான்மையினரே உரிமம் உடையவர். வீதியையும் பாலத்தையும் அமைப்பவர் முத்திரையிட வேண்டும். மோட்டார் வாகனத்தையும் பொறியையும் ஆக்குபவர் வேண்டியதில்லை. அறிவியலளவில் இவ்வேறுபாட்டிற்கு நியாயம் காண்பது கடினம். நியாயம் உற்பத்தி உறவுகளில் உள்ளது. கம்யூனிஸ்ட் அறிக்கையிலே, முன்னர் பயபக்தியுடன் நோக்கப்பட்ட மருத்துவரையும் வழக்கறிஞரையும் குருவையும் கவிஞரையும் அறிவியலாளரையும் பூர்ஷ்வா வர்க்கம் தன் கூலியாட்களாக்கிவிட்டது என மார்க்சும் எங்கெல்சும் எழுதினர். அப்பட்டியலிற் பொறியியலாளர் இல்லை. ஒருவேளை, அவர் கூலியாளாக்கப்படவேண்டிய தேவையே இருக்கவில்லை. பெருங்கைத்தொழிற் கம்பனிக்குள்ளேயே அவர் பெருமளவிற் பிறந்து வளர்ந்தார். எட்வின் லெய்ட்டன் 1971இலும் டேவிட் நோபிள் 1977இலும் எழுதிய நூல்கள் அமெரிக்கப் பொறியியலாளரின் அமைப்புகளிலே கம்பனி நலன்கள் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருந்தன என்பதை விளக்குகின்றன. உரிமம் பெற்ற ஊழியரொருவர், மேலாளர் சொல்வதை மறுத்து, ‘இதற்கு நான் முத்திரையிடேன்’ எனச் சொல்லும் வாய்ப்பைப் பெறுகின்றார். அவ்வாய்ப்பே தொழிற்சாலை வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டது.

அதன் விலை 2018 செப்டெம்பர் 13 பிற்பகலில் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் தெரியவந்தது. லோரன்ஸ், அண்டோவர், வடக்கு அண்டோவர் ஆகிய நகரங்களிலே வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பற்றின; சில வெடித்தன. நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் சேதமடைந்தன. பதினெட்டு வயது இளைஞரொருவர் இறந்தார். கொலம்பியா கேஸ் கம்பனி பழைய வார்ப்பிரும்புக் குழாய்களைக் கைவிட்டுப் புதியவற்றை இணைத்துக்கொண்டிருந்தது. வீடுகளுக்குச் செல்லும் வாயுவின் அமுக்கத்தை ஒழுங்காக்கிகள் கட்டுப்படுத்தின. அமுக்கத்தை அறிவதற்கான உணர்குழாய்கள் கைவிடப்பட்ட பழைய குழாயிலேயே இருந்துவிட்டன. பழைய குழாயில் அமுக்கம் வீழ்ந்ததும், வாயு குறைந்துவிட்டதெனப் பொறி கருதி முற்றாகத் திறந்துகொண்டது. தாழ்ந்த அமுக்கத்துக்கென அமைந்த சமையலடுப்புகளுக்குள்ளே உயர்ந்த அமுக்கத்தில் வாயு பாய்ந்தது. வேலைத்திட்டத்தைக் கம்பனியின் பொறியியற் பகுதி தயாரித்திருந்தது. அதில் உரிமம் பெற்ற எவரின் முத்திரையும் இல்லை. விதிவிலக்கின்படி அது வேண்டியதாயும் இருக்கவில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஏறத்தாழ இரண்டு மாதங்களில் இவ்விலக்கை நீக்குமாறு அவசரப் பரிந்துரை செய்தது. அவ்வாண்டு திசெம்பர் 31இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தி, வாயு வேலைத்திட்டங்களுக்கு முத்திரையைக் கட்டாயமாக்கியது. கம்பனி 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 53 மில்லியன் டொலர் தண்டப்பணம் செலுத்த உடன்பட்டது. ஏனைய மாநிலங்கள் பலவற்றுக்கும் இதே பரிந்துரை அனுப்பப்பட்டது.

லோரன்ஸ் என்னும் பெயர் தொழிலாளர் இயக்க வரலாற்றை அறிந்தோருக்குப் புதிதன்று. 1912இல் வேலைநேரம் குறைந்ததைச் சாட்டாக வைத்து ஆலை முதலாளிகள் கூலியையும் குறைத்தபோது, பல நாடுகளிலிருந்து குடியேறிப் பல மொழிகள் பேசிய நெசவாலைத் தொழிலாளர் ஒன்றுபட்டுப் போராடி வென்ற நகரம் அது. இன்றும் அது குடியேறிய உழைப்பாளரின் நகரமே. மொழி மட்டும் பெரிதும் ஸ்பானிய மொழியாக மாறியுள்ளது. கைவிடப்படவேண்டிய வார்ப்பிரும்புக் குழாய்கள் இத்தகைய பழைய ஆலை நகரங்களின் நிலத்தடியிலே நெடுங்காலம் கிடந்தன என்பதனை வெறும் தற்செயலெனத் தள்ளிவிட முடியாது.

இதுவரை உரிமம் இல்லாமையின் கேட்டினைக் கூறினோம். உரிமம் உள்ளோர் அதனை எவ்வாறு துர்ப்பிரயோகம் செய்யலாம் என்பதையும் ஒளிக்காது கூறவேண்டும். ஒரேகன் மாநிலத்திலே, சுவீடனில் மின்னியற் பொறியியல் கற்ற ஒருவர், சந்தி விளக்குகளில் மஞ்சள் ஒளி எரியும் நேரத்தைக் கணிக்கும் சூத்திரம் திரும்பிச் செல்லும் வாகனங்களுக்குப் போதாது எனக் கண்டு அதிகாரிகளுக்கு எழுதினார். தம்மைப் பொறியியலாளர் என அதிற் குறிப்பிட்டிருந்தார். உரிமச் சபை சூத்திரத்தை ஆராயவில்லை. உரிமமின்றிப் பொறியியல் செய்தார், அப்பெயரைப் பயன்படுத்தினார் என 500 டொலர் தண்டம் விதித்தது. அவர் வழக்காடினார், 2018 இறுதியிலே மத்திய நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. சூத்திரம் பற்றிய அவரது திருத்தத்தைப் போக்குவரத்துப் பொறியியலாளரின் தொழிற்றுறை நிறுவனமே பின்னர் ஏற்றுக்கொண்டது. முத்திரை என்பது ஒருவர் செய்யும் வேலைக்குப் பொறுப்பேற்பது. பிறர் பேசுவதைத் தடுப்பதற்கு அது எழுந்ததன்று. சொல்லொன்றைச் சொத்தாக்கிக்கொள்வோரை மொழி மாணவர்களாகிய நாம் இயல்பாகவே ஐயத்துடன் நோக்குகின்றோம்.

இவையெல்லாம் எமக்கு முற்றிலும் அந்நியமானவையல்ல. பேராதனை, மொறட்டுவை முதலிய பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகள் பலர் அந்நாட்டிலே தொழில் செய்கின்றனர். 2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வாஷிங்ரன் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டபின், அங்கீகாரம் பெற்ற எமது பட்டங்கள் உறுப்பு நாடுகளின் பட்டங்களுக்குக் கொள்கையளவில் ஒப்பானவை. ஆனால் அவ்வுடன்படிக்கை கல்வியைப் பற்றியது, உரிமத்தைப் பற்றியதன்று. அங்கு செல்பவர் மாநிலச் சபை வேண்டின் தம் பாடநெறிகளை மதிப்பீட்டுக்கு அனுப்பி, இரு பரீட்சைகளையும் எழுதி, சான்றுரைப்போரைத் தேடியே முத்திரையைப் பெறவேண்டும். அதுவரையில் அவர் செய்யும் கணிப்புகள் பிறரொருவரின் பெயரிலேயே வெளிவரும். எமது நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பொறியியற் பேரவைச் சட்டம் பொறியியற் றொழில் செய்வோரைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. இது பற்றி நாம் கேட்ட உரையாடல்கள் பெரும்பாலும் யார் பட்டயப் பொறியியலாளர், யார் அவருக்கு அடுத்த படியினர், எந்தப் பட்டப்பெயர் எவருக்கு உரியது என்பவற்றையே சுற்றிவந்தன. எந்தெந்த வேலைத்திட்டம் ஒரு மனிதரின் பெயரின்றி நடைபெறலாகாது, ஊழியராயிருக்கும் பொறியியலாளர் முத்திரையிட மறுத்தால் அவருடைய உத்தியோகத்தைக் காப்பது யார் என்னும் வினாக்களை அவற்றில் நாம் அதிகம் கேட்கவில்லை.